சபையறிந்த கல்

என் இடது சிறுநீரகத்தில் ஒரு கல் இருக்கும் செய்தி என்னையும் என் மனைவியையும் மருத்துவரையும் தவிர நான்காவது ஆளுக்குத் தெரியக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். உடல்நலம் ஒருவருடைய சொந்த விஷயம். அதிலும் இந்த நோயைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நாலு பேர் முன்னிலையில் சொல்லத் தகாத சில உறுப்புகளைக் குறிப்பிடாமல் பேச்சை முடிக்க இயலாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் திருச்சபை வட்டாரமான சேகரத்தின் கமிட்டியில் மூத்த உறுப்பினன். என்னைப் பற்றிப் பேச விரும்புவோருக்கு வேறு பொருள்கள் நிறையவே உண்டு.

வலி முதன்முதலில் கடற்கரைச் சாலையில் வந்தது. காலை நடையின்போது விலாவுக்குக் கீழே யாரோ திருப்புளியை வைத்துத் திருகியது போலிருந்தது. பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சைக்கிளில் வந்த பால்காரர் இறங்கி, "என்ன ஐயா, என்ன செய்யிது?" என்றார்.

"ஒன்றுமில்லை. கப்பல் பார்க்கிறேன்" என்றேன்.

அவர் கடலைப் பார்த்தார். அங்கே கப்பல் எதுவும் இல்லை. அவர் மரியாதை தெரிந்தவர்; சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

தூத்துக்குடியில் எனக்குத் தெரியாத மருத்துவர் இல்லை என்பதால், திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். சிறுநீரக மருத்துவர் என் மகள் வயதுடைய பெண்மணி. ஸ்கேன் படத்தைக் கணினித் திரையில் காட்டி, சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாகத் தெரிந்த ஒன்றைச் சுட்டினார். ஒன்றரை சென்டிமீட்டருக்கும் சற்றுக் கூடுதல். கடினமான கல். தானாக இறங்கி வரும் அளவைத் தாண்டிவிட்டது.

வயிற்றைத் திறந்து கல்லை எடுத்த காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றும், இப்போது மூன்று வழிகள் உண்டு என்றும் சொன்னார். முதல் வழியில் உடலுக்கு வெளியே ஓர் இயந்திரம் அதிர்வலைகளைக் கல்லின்மேல் குவித்து உடைக்கும், கீறல் கிடையாது, அன்று மாலையே வீடு திரும்பலாம், உடைந்த துகள்கள் சிறுநீரோடு வெளியேற வேண்டும். இரண்டாவதில், மெல்லிய, வளையக்கூடிய குழாய்க் கருவியைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே சிறுநீரகம் வரை செலுத்தி, லேசரால் கல்லைப் பொடியாக்குவார்கள். மூன்றாவது, முதுகுப் புறத்தில் சிறு துளையிட்டு நேரே சிறுநீரகத்துக்குள் போய், கல்லை உடைத்து வெளியே எடுப்பது.

எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. கப்பல் வரும் கால்வாயை ஆழப்படுத்தியபோது கடலடிப் பாறையை உடைத்து அகற்றிய அனுபவம் எனக்கு உண்டு. மேலிருந்து இடித்து நொறுக்குவதா, கால்வாய்க்குள்ளேயே இயந்திரத்தைக் கொண்டுபோய் அரைப்பதா, பக்கவாட்டில் வழி திறப்பதா என்று வரைபடத்தை விரித்துவைத்து விவாதித்திருக்கிறோம். இதை மருத்துவரிடம் விளக்கமாகச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரெக்ட்தான் சார். ஆனா ஹார்பருக்கு வலிக்காது. உங்களுக்கு வலிக்கும்" என்றார்.

என் கல்லின் கடினத்தையும் அது இருக்கும் இடத்தையும் பார்த்தால் அதிர்வலைக்கு முழுப் பயன் கிடைப்பது சந்தேகம், லேசர் பொருத்தமாக இருக்கும் என்பது அவர் கருத்து. நான் அதிர்வலையையே கேட்டேன். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை; இங்கே சொல்லலாம். காலையில் போய் மாலையில் திரும்பினால் யாருக்கும் தெரியாது. இரண்டாவது வழியின் பாதை எது என்று கேட்ட மாத்திரத்தில் அதை நான் மனத்திலிருந்து விலக்கியிருந்தேன். மூன்றாவதில் சில நாள் மருத்துவமனையில் தங்க வேண்டும்; பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள் வாங்கி வருவார்கள்; செய்தி ஊர் முழுக்கப் பரவும். தவிரவும், அசனம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அசனம் என்பது எங்கள் சபையார் ஆண்டுக்கொருமுறை ஊருக்கே சமைத்துப் போடும் விருந்து. பள்ளிக்கூட மண்டபத்தில் புதுப்பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி பரப்பி, வடித்த சோற்றை ஆள் உயரத்துக்குக் குவித்துவைப்போம். குருவானவர் ஜெபம் செய்து முடித்ததும் கமிட்டியின் மூத்தவர் அகப்பையால் முதல் சோற்றை எடுத்து, பந்திக்குக் கொண்டுபோகும் பனையோலைக் கடகப்பெட்டியில் போடுவார். கடைசிப் பந்தி எழும்வரை அவர் அந்தக் குவியலை விட்டு நகர மாட்டார். பல ஆண்டுகளாக அந்த அகப்பை என் கையில்தான் இருக்கிறது. நான் நின்ற எந்த அசனத்திலும் சோறு குறைந்ததில்லை, மிஞ்சி வீணானதுமில்லை. ஓர் ஆண்டு அந்த இடத்தில் நான் இல்லையென்றால், மறு ஆண்டும் இல்லாமல் போவதற்கு நியாயங்கள் தானாக முளைத்துவிடும் என்பது கமிட்டிகளில் நெடுங்காலம் இருந்தவனுக்குத் தெரியாததல்ல.

கமிட்டியில் கண் பரிசோதனைக்குத் திருநெல்வேலி போவதாகச் சொன்னேன். அது பொய்யல்ல. அதிர்வலை முடிந்து திரும்பும் வழியில், விலா வலியோடு, ஒரு கண்ணாடிக் கடையில் இறங்கிக் கண்ணையும் பரிசோதித்துக்கொண்டேன். என் மனைவி வண்டியிலேயே இருந்துகொண்டு, "இதுக்கு உண்மையச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றாள்.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நீர் நிறைந்த ஒரு மெத்தை போன்றது முதுகில் அழுந்தியிருக்க, கடிகாரத்தைவிடச் சற்று விரைவாக 'டக், டக்' என்று ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. பொறுக்கக்கூடிய வலி. வீட்டுக்கு வந்து குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஜெபக் கூட்டத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பாரத்தைச் சொல்வார்கள். எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். ஜெபத்துக்கென்று சொல்வதை வம்பு என்று எங்களில் யாரும் கருதுவதில்லை. ஆகவே அதற்குக் கட்டுப்பாடும் கிடையாது. என் மனைவி ஊராரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆண்டவரிடம் மட்டுமே சொன்னாள், நாற்பது பெண்கள் கேட்க.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், அண்மையில் மாற்றலாகி வந்திருந்த இளம் குருவானவர் நோயாளிகளுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். அவருக்கு எதையும் விளக்கமாகச் செய்வது வழக்கம். "நம்முடைய சபையின் மூத்தவராகிய எஞ்சினீயர் ஐயா அவர்களின் இடது சிறுநீரகத்தில், கீழ்ப்பகுதியில் தங்கியிருக்கிற கல்லை, ஆண்டவரே, தூள் தூளாக்கும். அதிர்வலை சிகிச்சையை ஆசீர்வதியும். அந்தத் துகள்கள் தடையின்றி வெளியேறக் கிருபை செய்யும்."

"ஆமென்" என்றது சபை. அத்தனை உரத்த ஆமெனை நான் கிறிஸ்துமஸ் அன்றுகூடக் கேட்டதில்லை. முதல் வரிசையில் கண்ணை மூடி நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் எல்லோருடைய கண்களும் திறந்திருந்தன என்பதை முதுகால் உணர்ந்தேன்.

வாசலில் குருவானவருக்குக் கை கொடுக்கும்போது, "அடுத்த முறை 'உடல்நலக் குறைவு' என்று சொன்னால் போதுமானது" என்றேன். அவர் உண்மையிலேயே திகைத்து, "அப்படியா ஐயா? ஆண்டவருக்குத் தெளிவா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை என் வீட்டு வாசலில் வாழைத்தண்டு வந்து இறங்கத் தொடங்கியது. ஆத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் ஒரு கட்டு அனுப்பினார்; மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு. கல்யாண வீட்டுக்குப் பந்தல்கால் வந்து இறங்கியது போல் குவிந்துவிட்டது. பொரியல், சாறு, பச்சடி என்று அந்த வாரம் முழுவதும் அதையே உண்டோம். அதனால் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறு ஸ்கேனில் அது தெரிந்தது. கல் இரண்டாகப் பிளந்திருந்தது. சிறிய துண்டு சிறுநீரகத்தின் வாசலுக்கு வந்து அடைத்துக்கொண்டிருந்தது. நீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கத் தொடங்கியிருந்தது. அசனம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மருத்துவரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"வெயிட் பண்ணினா கிட்னியை இழக்கலாம் சார். லேசரா, முதுகுத் துளையா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. இந்த வாரமே."

அசனத்துக்கு முன்பே சிகிச்சை என்பது உறுதியாயிற்று. அசனத்தன்று நான் நிற்பேனா என்பது உறுதியாகவில்லை. அன்று மாலை, வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தேன். இரகசியம்தான் போய்விட்டதே, போன பிறகு அதைக் காவல் காப்பதில் பொருளில்லை. மூன்று வழிகளிலும் போய் வந்தவர்கள் மூவரை முறைப்படி என் வீட்டுக்கு அழைத்தேன். எங்கள் கடற்கரை வெயிலில் வேர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து வாழும் மக்களிடையே இப்படிப்பட்ட மூவரைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை.

ஒருவர் உப்பளம் நடத்தும் அண்ணாச்சி, எங்கள் கமிட்டிக்காரர், முதுகுத் துளை வழியில் போனவர். அடுத்தவர் ஓய்வு பெற்ற உயிரியல் டீச்சர், லேசர். மூன்றாமவர் பக்கத்துத் தெருவில் விசைப்படகு வைத்திருப்பவர், அதிர்வலை. அவர் கத்தோலிக்கர். உள்ளே வரும்போதே, "நீங்க கூப்பிடலன்னாலும் வந்திருப்பேன் ஐயா. உங்க கல்லு எங்க கோயில் வரைக்கும் வந்துட்டு" என்றார்.

என் மனைவி எல்லோருக்கும் பார்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒழுங்குமுறைப்படி நடத்த விரும்பினேன். ஒவ்வொருவரும் கல்லின் அளவு, இடம், சிகிச்சை, வலி, ஓய்வு என்ற வரிசையில் சொல்ல வேண்டும் என்றேன்.

உப்பள அண்ணாச்சி வரிசையைப் பொருட்படுத்தவில்லை. "முதுகுல ஒரு ஓட்ட, அவ்வளவுதான் ஐயா. கல்லு எம்புட்டுப் பெருசுங்கிய? கோழி முட்ட."

"போன மாசம் புறா முட்டன்னு சொன்னீய" என்றார் டீச்சர்.

"அது ஒரு துண்டு டீச்சர். துண்டையெல்லாம் சேத்தா கோழி முட்ட."

"இன்னும் கொஞ்சம் சேத்தா வான்கோழியும் வந்துரும்."

படகுக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "எனக்குக் கத்தியும் கெடையாது, மயக்கமும் கெடையாது. படுத்தேன், தட்டுனாங்க, எந்திரிச்சி வந்துட்டேன். எல்லாம் பொடியா இறங்கிட்டு."

"உம்ம கல்லு பாசிப்பயறு கணக்கா இருந்துச்சி. அதுக்குப் பேரு கல்லா வே? மண்ணு" என்றார் அண்ணாச்சி.

"மண்ணா? அது இறங்கும்போது நான் போட்ட சத்தத்துல பக்கத்துப் படகுக்காரன் புயலுன்னு நெனச்சி நங்கூரத்தத் தூக்கிட்டான். உமக்கென்ன வே, மயக்கத்துல கெடந்தீரு."

"மயக்கம் தெளிஞ்ச பொறவு முதுகுல குழாயோட கெடந்தது யாரு? ரத்தம் கொறஞ்சி ஒரு பாட்டில் ஏத்துனாவல்லா. ஆனா ஒண்ணு, ஒரே தடவையில கல்லு சுத்தமாப் போய்ட்டு. மில்லிமீட்டர்கூட மிச்சமில்லன்னு டாக்டரே சொன்னாரு." அவர் எழுந்து சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்ட முற்பட்டார்.

"இது வரவேற்பறை" என்றேன். உட்கார்ந்தார்.

டீச்சர் தம் முறைக்குக் காத்திருந்து பேசினார். "எனக்கு உடம்புல ஒரு கீறல் கெடையாது. மூத்திரம் வார வழியாவே உள்ள போயி..."

நான் தொண்டையைச் செருமினேன்.

"என்ன ஐயா செருமுதிய? பத்தாங்கிளாஸ் பயலுகளுக்கு இதத்தான போர்டுல படம் போட்டு நடத்துனேன்."

"பள்ளிக்கூடத்தில் சொல்வது வேறு. சற்று நாகரிகமாகச் சொல்லலாம்."

"சரி. நாகரிகமான வழியாப் போயி லேசர வச்சிப் பொடியாக்கிட்டாங்க. மறுநாளே வீட்டுக்கு வந்துட்டேன். ஆனா ஸ்டென்ட்னு ஒரு மெல்லிசான குழாய உள்ள வச்சி அனுப்புவாங்க. ரெண்டு வாரம் அது கெடக்கும். அது வலி இல்ல, இம்சை. இப்பத்தான் போய்ட்டு வந்திருப்போம், திரும்பப் போகணும்னு தோணும்."

"அப்ப அசனத்துக்கு?" என்றார் படகுக்காரர். பிற சபையார் ஆனாலும், எங்கள் அசனத்தில் முதல் பந்தியைத் தவற விடாதவர்.

எல்லோருக்கும் விஷயம் அதுதான் என்று தெரிந்திருந்தது.

"முதுகுல ஓட்ட போட்டா இந்த வருசம் அகப்ப கெடையாது" என்றார் அண்ணாச்சி. "குனிஞ்சி நிமிர்ந்து வேல செய்ய எனக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சி."

"லேசர்னா நிக்கலாம்" என்றார் டீச்சர். "ஆனா நின்ன எடத்துல நிக்க முடியாது."

அதிர்வலை என் கல்லிடம் தோற்றுவிட்டது. முதுகுத் துளை கல்லை முழுமையாக எடுக்கும், ஆனால் என்னை மண்டபத்துக்கு வெளியே உட்கார்த்தும். பெரிய கல்லுக்கு அதுவே சிறந்தது. என் கல் அவ்வளவு பெரியதல்ல. எஞ்சியது நான் முதலிலேயே விலக்கிய வழி. நான் யோசிப்பதைப் பார்த்து, டீச்சர் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "மயக்கம் குடுத்த பொறவு நீங்க எஞ்சினீயரும் இல்ல, கமிட்டி மெம்பரும் இல்ல ஐயா. மேசையில கெடக்க ஒரு ஆளு. தினம் பத்துப் பேரப் பாக்குதவங்க உங்களத் தனியா வச்சிப் பாத்துச் சிரிக்கப் போறாங்களா?"

பத்துப் பேரில் ஒருவனாக என்னை யாரும் அதுவரை சொன்னதில்லை. ஆனால் வாதத்தில் பிழை காண முடியவில்லை. மறுநாள் மருத்துவரிடம் லேசர் என்று சொன்னேன். "நான் முதல்லயே சொன்னதுதானே சார்" என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் நல்ல குடும்பத்துப் பெண் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

முதுகுப்புறம் நாடாவால் முடியும் அந்தப் பச்சை அங்கியைப் பற்றி எழுத மாட்டேன். விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாலையில் மருத்துவர் பதிவான படத்தைக் காட்டினார். இளஞ்சிவப்புக் குகை ஒன்றில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு பாறை. அதன் விளிம்பை ஒளிப்புள்ளி ஒன்று தொட்டுத் தொட்டு உதிர்த்தது. உதிர்ந்தது புகைபோல் நீரில் கலைந்து போயிற்று. கால்வாயில் நாங்கள் பாறையை அரைத்த வேலையைவிட இது நேர்த்தியானது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. பார்க்க வந்த படகுக்காரரும் எட்டிப் பார்த்தார். "முத்துக்குளிப்பு நின்னு எத்தனையோ வருசமாச்சி ஐயா. கடல்ல வெளையாதது உங்களுக்குள்ள வெளஞ்சிருக்கு. அதயும் பொடியாக்கிட்டாங்களே" என்றார். செவிலியர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தையல் ஏதும் இல்லாததால் சிரிப்பதில் சிரமம் இருக்கவில்லை.

ஸ்டென்ட் விஷயத்தில் டீச்சர் மிகைப்படுத்தவில்லை. அசனத்தன்று அது இன்னும் எனக்குள்ளேதான் இருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் குவியலின் முன் நின்றேன். குருவானவர் ஜெபித்தார், உடல்நலக் குறைவிலிருந்து மீண்டவர்களுக்காகப் பொதுவாக நன்றி சொன்னார், என் பக்கம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டார். முதல் சோற்றை நான் எடுத்துப் பெட்டியில் போட்டேன். இரண்டாவது பெட்டி, மூன்றாவது. நான்காவது பெட்டி வந்தபோது ஸ்டென்ட் தன் இருப்பைத் தெரிவித்தது.

சோறு எடுப்பவர் பாதியில் அகப்பையைக் கீழே வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. பிறர் கையில் கொடுக்கும் வழக்கமும் இல்லை. எதிரே கறி வாளியோடு அண்ணாச்சி நின்றார். அவர் கை காலியாக இல்லை. பக்கத்தில் பந்திக்கு இலை எண்ணிக்கொண்டிருந்த டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். அந்த மண்டபத்தில் அந்த முகத்தின் பொருள் தெரிந்தவர் அவர் ஒருவரே. இலையை வைத்துவிட்டு வந்து கையை நீட்டினார்.

"தாங்க. போய்ட்டு வாங்க."

கொடுத்தேன். பெண்ணொருவர் அந்தக் குவியலின் முன் அகப்பையோடு நின்றதை எங்கள் சபை அன்றுதான் பார்த்தது. திரும்பி வந்தபோது பெட்டிகள் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தன. அகப்பைக்குக் கையை நீட்டினேன்.

"இருங்க ஐயா, எப்படியும் கொஞ்சத்துல திரும்ப ஓடணும். அங்கன உக்காந்து சாப்பிடுங்க. சோறு கொறஞ்சா கூப்பிடுதேன்."

"குறையாது. நடுவிலிருந்து எடுக்காதீர்கள். ஓரத்திலிருந்து எடுங்கள்."

"சரி, ஓரத்துலேருந்து."

அவர் ஓரத்திலிருந்தே எடுத்தார். அகலமாகவும் ஒழுங்காகவும் எடுத்தார். இரண்டு பேர் மாறி மாறி நிற்பது ஒரு நல்ல ஏற்பாடு என்றும், அடுத்த ஆண்டு முதல் அதையே முறையாக வைத்துக்கொள்ளலாம் என்றும் அங்கேயே அண்ணாச்சியிடம் சொன்னேன். வேறு யாராவது சொல்வதற்கு முன் நான் சொல்வது சரியாக இருக்கும் என்று பட்டது.

படகுக்காரர் தமக்குப் பக்கத்தில் இடம் வைத்திருந்தார். அசனச் சோற்றைச் சூடாக, முதல் பந்தியில், உட்கார்ந்து நான் உண்டது அன்றுதான். கறிக் குழம்பு நன்றாக இருந்தது. எனக்கு எதிரே அடுத்த சேகரத்திலிருந்து வந்திருந்த ஒருவர், கோட்டு அணிந்தவர், ஏதோ கல்லூரியில் முதல்வராக இருந்தவர் என்று சொன்னார்கள், நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இலைமேல் குனிந்து, மிகத் தாழ்ந்த குரலில், "உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எனக்கும் ஒன்று இருக்கிறது. வலது பக்கம். வீட்டில்கூடச் சொல்லவில்லை" என்றார்.

நான் ஒரு தம்ளர் தண்ணீரை முழுவதும் குடித்தேன். "அளவு எவ்வளவு?" என்று கேட்டேன். என் குரல் சற்று உயர்ந்திருக்க வேண்டும். பந்தியில் பலர் திரும்பினார்கள். அவர் பதறிக் கையை அசைத்தார்.

"கவலைப்படாதீர்கள்" என்றேன். "மூன்று வழிகள் இருக்கின்றன. அளவையும் இடத்தையும் மட்டும் சொல்லுங்கள். மற்றவற்றைச் சாப்பிட்டு முடித்து விளக்கமாகப் பேசலாம். இங்கே மூன்றிலும் போய் வந்தவர்கள் இருக்கிறோம்."

"வலதா இடதா?" என்றார் படகுக்காரர், எலும்பைக் கடித்தபடியே.

"வலது" என்றார் அவர், இந்த முறை கொஞ்சம் உரத்த குரலில்.